முயல் சொன்ன பெயர்

பட்டப்பகலிலும் எங்கள் ஸ்டுடியோவுக்குள் கும்மிருட்டுதான். வெளிச்சம் துளி மாறினாலும் படம் கெட்டுவிடும் என்று, அந்தப் பழைய கிடங்கின் ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்திருந்தோம். உள்ளே பசையும் சூடேறிய விளக்கும் கலந்த வாடை. காலை பத்து மணிக்கு நான் போனபோது அத்தான் முயல் பொம்மையை முறைத்தபடி நின்றிருந்தார்.

அத்தான்தான் இயக்குநர். என் அக்காவின் கணவர். ஊரே கொண்டாடிய அந்த முயல் கதைகளை எழுதியது அக்கா; புத்தகத்தில் இருந்தது அத்தானின் பெயர். "ஒரு தடவையாவது என் பேரைப் போடச் சொல்லுடி" என்று சாகும்போதுகூடக் கெஞ்சினாள். தலையாட்டினேன். பிறகு வாயே திறக்கவில்லை. அந்தக் கதைகளை டிவி தொடராக எடுத்தபோது எனக்கு வேலை கொடுத்தது அவர்தானே!

பொம்மையை மயிரிழை நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி ஒரு படம். நொடிக்குப் பன்னிரண்டு; வரிசையாக ஓட்டினால் பொம்மை தானே அசைவதுபோல் இருக்கும். ஒவ்வொரு ஒலிக்கும் தனி உதடு. மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். அன்றைய நான்கு நொடியில் முயல் கதாசிரியரின் பெயரைச் சொல்ல வேண்டும். அதாவது, அத்தானின் பெயரை.

மாலையில் ஓட்டிப் பார்த்தோம்.

முயலின் உதடுகள் அக்காவின் பெயரைச் சொல்லின.

"கண்ணை எங்க வெச்சுக்கிட்டு வேலை பாக்கறே?"

"சரியாத்தான் ஒட்டினேன் அத்தான்."

படங்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தோம். எல்லாமே அவர் பெயருக்கான உதடுகள். ஓட்டினால் மட்டும் அவள் பெயர்.

அவர் முகம் வெளிறியது. ஆனாலும் வீம்பு போகவில்லை.

"செத்தும் என் உயிரை வாங்கறா. நகரு, நானே எடுக்கறேன்."

என்னை வெளியே தள்ளி, மேடையை மறைக்கும் துணித் திரையை இழுத்து மூடினார்.

கிளிக்.

ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஐந்து நிமிடமாவது ஆகும்.

கிளிக். கிளிக். கிளிக்.

திரையை விலக்கினேன். கேமராவைத் தொட ஆளே இல்லை. அதன் எதிரே அத்தான் விறைத்து நின்றார். ஒவ்வொரு கிளிக்குக்கும் அவர் கழுத்து விரலளவு திரும்பியிருந்தது. திரும்புவதை நான் பார்க்கவில்லை. கண்கள் மட்டும் அலைந்து அலைந்து என்னைக் கெஞ்சின. உதடுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, மூடி, அக்காவின் பெயரைச் சொல்லி முடித்தன.

அப்புறம் கண்களும் நின்றுவிட்டன.

எனக்குப் பரிதாபமே வரவில்லை. நன்றாக வேண்டும் என்றுதான் தோன்றியது.

"அக்கா," என்று கிசுகிசுத்தேன். "இனிமே உன் பேர்தான். நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். கோபம் தீந்துச்சா?"

கேமரா என் பக்கம் திரும்பியிருந்தது.

கிளிக்.

திரையைப் பிடித்திருந்த என் கை, இப்போது என் வாயைப் பொத்தியிருந்தது. நான் அதைத் தூக்கவே இல்லை.