நிற்காத சிவப்பு

எல்ஸி டார்வலின் கூந்தல் ஒரே இரவில் வெளுத்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஆறே முக்கால். ஏரிக்கரை ஊரான ஆல்டர் பேயில் இன்னும் விடியவில்லை. குளியல் தொட்டியில் தண்ணீர் தெளிவாக, அசையாமல் கிடந்தது. அதன் அடியில் எல்ஸி கண் திறந்து படுத்திருந்தாள். முந்தைய நாள்வரை பளபளக்கும் செம்பு நிறத்தில் இருந்த தலை, இப்போது உச்சியில் சாம்பலாகவும் நுனியில் வெளிறிய ஆரஞ்சாகவும் இருந்தது.

அவளைக் கண்டெடுத்தது ஜூனி. எல்ஸியின் அக்கா மகள். ஊரின் ஒரே அழகு நிலையத்தில் வேலை செய்பவள். வெள்ளிக்கிழமைகளில் சித்தியை வேலைக்குக் காரில் கூட்டிப்போக வருவாள்.

ஜூனியின் அலறல் கேட்டு, வீட்டை ஒட்டிய படகுக் கொட்டகையிலிருந்து எல்ஸியின் கணவன் வெர்னன் ஓடி வந்தான். குளியலறை வாசலில் நின்றுவிட்டான்.

"இது எல்ஸி இல்ல," என்றான்.

ஊருக்கு அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது. மதியத்துக்குள் காபிக் கடையில் பேச்சு வேறு மாதிரி போய்விட்டது.

"பயத்துல நரைச்சுப்போச்சாம்யா."

"எதைப் பாத்துப் பயந்தாளாம்?"

"எதையா? காரினைத்தான். வேற யாரை?"

காரின், எல்ஸியின் அக்கா, ஜூனியின் அம்மா. முப்பத்தொரு குளிர்காலத்துக்கு முன்னால் உறைந்த ஏரியின் பனி உடைந்து உள்ளே போனவள். அவளுக்கும் அதே செம்புக் கூந்தல். உடலை எடுத்தபோது ஒரு கையில் மட்டும்தான் சிவப்புக் கம்பளிக் கையுறை இருந்தது. இன்னொன்று கிடைக்கவில்லை. அது எல்ஸி பின்னிக் கொடுத்த ஜோடி. அன்றிலிருந்து, சாயங்காலப் பனியில் சிவப்பாக எது தெரிந்தாலும் ஆல்டர் பேக்காரர்கள் நின்று பார்ப்பதில்லை.

துப்பறியும் அதிகாரி மார்த்தா கொஸ்கெலா காலை எட்டு மணிக்கே வந்துவிட்டாள். கறுப்புக் கோட்டின் தோளில் வெள்ளைத் துகள்கள்.

"வெளிய மறுபடியும் பனி கொட்டுதா மேடம்?" என்று கேட்டான் உதவியாளன் லோவெல்.

"இல்ல. என் தலையில கொட்டுது. வேலையைப் பாரு."

குளியலறையில் அவள் நெடுநேரம் நின்றாள். தொட்டியின் விளிம்பில் ஒரே ஒரு ஷாம்பு புட்டி, மூடி திறந்தபடி. முகர்ந்தாள். கந்தக வாடை. பொடுகுக்கான கடுமையான மருந்து ஷாம்பு. கைகழுவும் தொட்டியருகே ஒரு சின்னப் பீங்கான் தட்டு, காலியாக. அலமாரியில், அடுக்கிய துண்டுகளுக்குப் பின்னால், வேறொரு வெள்ளைப் புட்டி. அதுவும் பொடுகுக்குத்தான். ஆனால் துத்தநாகம் சேர்த்த மென்மையான வகை.

எல்ஸியின் விரலில் வெள்ளித் திருமண மோதிரம். கன்னங்கரேலென்று இருந்தது.

வெர்னன் சமையலறையில், தொடாத காபியின் முன் உட்கார்ந்திருந்தான். அகலமான தோள். பொடுகின் சுவடே இல்லாத சுத்தமான சட்டை.

"ராத்திரி எங்க இருந்தீங்க?"

"கொட்டகையில. புதுப் படகுக்கு வார்னிஷ் அடிச்சிருக்கேன். அது காயற வரைக்கும் அடுப்பு அணையக் கூடாது. அங்கயே கட்டில் இருக்கு."

"அதுக்கு முன்னாடி?"

"சாயங்காலம் வரைக்கும் ஏரியில. மீன்பிடிக் குடிசையில. வியாழக்கிழமைன்னா அங்கதான்."

"வீட்டுக்குள்ள வரவே இல்லையா?"

"ஜூனி கத்தினப்பதான் வந்தேன்."

"குளியலறைக்குள்ள போனீங்களா?"

"வாசல் வரைக்கும்தான். உள்ள கால் வைக்க முடியல." அவன் கண்களை மூடிக்கொண்டான். "பாவம். அவ்வளவு ரத்தம் போயிருக்கே."

மார்த்தா அவன் கைகளைப் பார்த்தாள். மேசைமேல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்திருந்தான். எல்ஸியுடையதன் ஜோடி மோதிரம். அதுவும் கறுத்திருந்தது.

"உங்க மனைவி முடி எப்பவுமே சிவப்புதானா?"

"பிறந்ததுலேருந்து. அம்பத்தெட்டு வயசுல ஒரு நரை கிடையாது. ஊர்ல எல்லாருக்கும் பொறாமை." ஒரு கணம் நிறுத்தினான். "நேத்து வரைக்கும்."

பத்தரை மணிக்கு லோவெல் மூச்சிரைக்க வந்தான்.

"மேடம், ஜூனி கார் டிக்கியில ஒரு துண்டு. முழுக்கச் சிவப்பு. பிளாஸ்டிக் பையில சுத்தி ஒளிச்சு வெச்சிருக்கா. அவ நகத்தைப் பாத்தீங்களா? அதுலயும் சிவப்பு. நேத்து சாயங்காலம் நாலுலேருந்து ஆறு வரைக்கும் அவ கார் இங்க நின்னதைப் பக்கத்து வீட்டுல பாத்திருக்காங்க. கேட்டா, 'சும்மா வந்தேன்'ங்கறா."

"துண்டை ஆய்வுக்கு அனுப்பு."

"திங்கக்கிழமைதான் பதில் வரும். தலைமை அலுவலகத்துல பொறுக்க மாட்டாங்க. ஆறு மணிக்குள்ள அவளைக் கூட்டிட்டு வரச் சொல்லிட்டாங்க. கொலைக் குற்றம்."

பதினொன்றுக்கு மருத்துவர் போன் செய்தார். பின்மண்டையில் பலமான அடி. உள்ளே நொறுங்கியிருக்கிறது. நுரையீரலில் தண்ணீர் இல்லை. தொட்டிக்குள் போவதற்கு முன்பே இறந்திருக்கிறாள்.

"வெளிக்காயம்?" என்று மார்த்தா கேட்டாள்.

"இல்ல. தோல் கிழியவே இல்ல. ஒரு சொட்டு ரத்தம் வெளிய வரல."

லோவெல் தலையைச் சொறிந்தான். "அப்ப துண்டுல யார் ரத்தம் மேடம்?"

மார்த்தா குளியலறைப் பக்கம் திரும்பினாள். "குழாய்க்காரரைக் கூப்பிடு. தொட்டிக்குக் கீழே இருக்கற குழாய் வளைவைக் கழட்டணும்."

ஜூனியை அவள் தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு பார்த்தாள். மெலிந்த பெண். கைகளைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நகத்தைக் காட்டும்மா."

காட்டினாள். நகக்கண்களில் செந்நிறம்.

"ரப்பர் கையுறை கிழிஞ்சிடுச்சா?"

ஜூனி நிமிர்ந்து பார்த்தாள்.

"நானும் சாயம் போடறவதான்," என்றாள் மார்த்தா. "இந்தப் பழுப்பு என்னுது இல்ல. ரெண்டு வருஷம் முன்னாடி, பொடுகு தாங்க முடியாம, தொட்டி மேல இருக்கே, அதே ஷாம்புவை வாங்கிப் போட்டேன். ஒரே வாரம். தலை துருப்பிடிச்ச தகரம் மாதிரி ஆயிடுச்சு. அழுதேன். யார்கிட்டயும் சொல்லல."

ஜூனியின் கண்கள் நிறைந்தன. "சித்திகிட்ட சத்தியம் பண்ணிருக்கேன் மேடம். சித்தப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு."

"சித்தி இனி கோவிச்சுக்க மாட்டாங்க. ஆறு மணிக்கு உனக்கு விலங்கு மாட்டப் போறாங்க. சொல்லு."

"அம்மா செத்த வருஷமே சித்திக்கு நரைச்சுடுச்சு. இருபத்தேழு வயசு. யாருக்கும் தெரியாது. வேற ஊர்ல போய்ப் போட்டுக்கிட்டு இருந்தாங்க. நான் வேலை கத்துக்கிட்டதும் நான் போட ஆரம்பிச்சேன். சித்தப்பா மீன் பிடிக்கப் போற வியாழக்கிழமைதான் போடுவோம். துண்டை இந்த வீட்டுல துவைக்க மாட்டோம். நான் எடுத்துட்டுப் போயிடுவேன்."

"நேத்தும் போட்டியா?"

"ஆமா. சித்திக்கு மண்டை முழுக்கப் பொடுகு. சில சமயம் புண்ணாயிடும். அதனால நெடி அடிக்கற கடும் சாயம் போடறதில்ல. மென்மையானதுதான். போட்டு அலசினதுக்கப்பறம், அது பிடிச்சு நிக்க மூணு நாள் தலையில தண்ணியே படக் கூடாது. பொடுகுக்குக் குளிக்கறதை ரெண்டு நாள் முன்னாடியே முடிச்சுடுவோம். அந்த வெள்ளைப் புட்டியில. மண்டைத் தோல்ல மட்டும் தேய்க்கணும், நீள முடியில படாம." அவள் குரல் உடைந்தது. "சித்தி நேத்து ராத்திரி தலைக்குக் குளிச்சிருக்கவே மாட்டாங்க. செத்தாலும் குளிச்சிருக்க மாட்டாங்க."

வெளியே ஏரியில் பனி இறுகும் ஓசை நீளமாக, யாரோ முனகுவதுபோல் கேட்டது.

"தொட்டி மேல இருக்கறது யாரோட ஷாம்பு?"

"சித்தப்பாவோடது. அவருக்கும் பொடுகு."

"அந்தச் சின்னத் தட்டு எதுக்கு?"

"மோதிரத்துக்கு. அவர் தலைக்குக் குளிக்கறப்ப கழட்டி அதுல போடுவார்."

"மோதிரம் எத்தனை நாளா கறுப்பா இருக்கு?"

"கறுப்பா?" ஜூனி புரியாமல் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமைதானே அவங்க கல்யாண நாள். ரெண்டையும் நானே தேச்சுப் பளபளன்னு குடுத்தேனே."

குழாய்க்காரர் கழற்றிய வளைவில் செம்பு நிறச் சேறு தங்கியிருந்தது. அதற்குள் ஒரு பிடி மரத்தூள். தேவதாரு வாசனை.

நாலரை மணிக்கே இருட்டத் தொடங்கியது. வெர்னன் கொட்டகையில் இருந்தான். பாதி முடிந்த படகு விலா எலும்புகள்போல் நின்றது. தரை முழுக்கத் தேவதாருத் தூள். அடுப்பில் நெருப்பு.

மார்த்தா உள்ளே வந்தாள். லோவெல் கதவருகே நின்றான்.

"ஜூனியைக் கூட்டிட்டுப் போறீங்களா?" என்று கேட்டான் வெர்னன்.

"இல்ல. உங்களை."

அவன் கேலியாகச் சிரித்தான். "நான் வீட்டுக்குள்ளயே போகலம்மா."

"காலையில ரத்தம்னு சொன்னீங்க. நான் போனப்ப தொட்டித் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. எல்ஸி உடம்புல காயமே இல்ல. ஜூனி கார்ல துண்டு கிடைச்சது பத்தரைக்கு. நீங்க சொன்னது எட்டு மணிக்கு. எந்த ரத்தத்தைப் பாத்தீங்க?"

வெர்னன் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"இங்கதான் விழுந்தா. தலை முழுக்க மரத்தூள் ஒட்டிக்கிச்சு. அதோட விட்டா இடம் தெரிஞ்சிடும். அதனால தொட்டிக்குத் தூக்கிட்டுப் போய், கைக்குக் கிடைச்ச புட்டியை எடுத்துத் தேய்ச்சீங்க. உங்க புட்டி. வழக்கமா மோதிரத்தைக் கழட்டித் தட்டுல போடுவீங்க. அந்த ஷாம்பு வெள்ளியைக் கறுத்துடும்னு உங்களுக்குத் தெரியும். நேத்து ராத்திரி மறந்துட்டீங்க. கையைப் பாருங்க."

வெர்னன் பார்த்தான். கட்டைவிரலால் மோதிரத்தைத் தேய்த்தான். கறுப்பு போகவில்லை.

"ஜூனி செஞ்சிருந்தா அந்தத் தலையில ஒரு சொட்டுத் தண்ணி பட்டிருக்காது," என்றாள் மார்த்தா. "தண்ணி பட்டா என்ன ஆகும்னு அவளுக்குத் தெரியும். தெரியாதவர் இந்த வீட்டுல ஒருத்தர்தான்."

வெர்னன் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தான். பேசியபோது, அவர்களிடம் பேசுவதுபோல் இல்லை.

"மூணு தடவை தண்ணி மாத்தினேன். தூள் போயிடுச்சு. சிவப்பு நிக்கல. அலச அலச வந்துக்கிட்டே இருந்துச்சு. மண்டையைத் தடவித் தடவிப் பாத்தேன். காயமே இல்ல. எங்கேருந்து வருது? அப்பறம் முடி வெளுக்க ஆரம்பிச்சுது, என் கைக்குள்ளயே. அப்பதான் புரிஞ்சுது. காரின்தான். அவ எல்ஸி தலைக்குள்ள இவ்வளவு நாளா இருந்திருக்கா. வெளிய போறா."

லோவெல் கதவைவிட்டு ஓரடி தள்ளி நின்றான்.

"காரின் பனியில விழுந்தப்ப நீங்க கூட இருந்தீங்களா?" மார்த்தாவின் குரல் தாழ்ந்திருந்தது.

வெர்னன் சட்டைப்பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து மடியில் வைத்தான். சிறிய சிவப்புக் கம்பளிக் கையுறை. பூச்சி அரித்தது.

"நான்தான் வண்டியில ஏத்திட்டுப் போனேன். பனி தாங்கும்னு சொன்னேன். கையைப் பிடிச்சேன். கையுறை மட்டும் வந்துச்சு. ஓடி வந்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல. எறியவும் மனசு வரல." அவன் அதை நீவினான். "நேத்து எல்ஸி சாப்பாடு கொண்டு வந்தா. கை துடைக்கத் துணி தேடினா. இது இருந்த பெட்டியைத் திறந்துட்டா. அவ பின்னினதாச்சே. ஒரு பார்வை பாத்தா. போலீசுக்குப் போன் பண்ணறேன்னு திரும்பினா. நான் பிடிச்சு இழுத்தேன். படகு முனையில தலை இடிச்சுது."

"அது காரின் இல்ல," என்றாள் மார்த்தா. "ரத்தமும் இல்ல. சாயம்."

"சாயமா?"

"எல்ஸிக்கு இருபத்தேழு வயசுலயே நரைச்சுடுச்சு. காரின் செத்த வருஷம். உங்ககிட்ட மறைச்சிருக்கா."

அவன் நெடுநேரம் அவளையே பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"எல்ஸிக்கு நரையா?"

திங்கட்கிழமை ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. துண்டில் இருந்தது செம்பு நிறச் சாயம். அதற்குள் அது யாருக்கும் தேவைப்படவில்லை.

அன்று பிற்பகல், அடக்கத்துக்கு முன், ஜூனி சவச்சாலையில் அனுமதி கேட்டாள். மார்த்தா கூட வந்தாள். ஜூனி புதுக் கையுறை மாட்டிக்கொண்டு, கிண்ணத்தில் சாயம் கலந்து, சித்தியின் முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பூசினாள். பழக்கத்தில், மண்டைத் தோலில் படாமல் பூசினாள்.

"எரியக் கூடாது பாருங்க," என்றாள். சொல்லிவிட்டுத்தான் நிறுத்தினாள்.

காத்திருந்த நேரத்தில் அவள் பார்வை மார்த்தாவின் கறுப்புக் கோட்டுத் தோளில் நின்றது.

"இப்ப எதைப் போட்டுக் குளிக்கறீங்க மேடம்?"

"எதையும் இல்ல. பயந்து விட்டுட்டேன்."

"வெள்ளைப் புட்டி ஒண்ணு தரேன். வாரத்துல ரெண்டு தடவை. அஞ்சு நிமிஷம் ஊற விட்டு அலசுங்க. உங்க நிறம் அவ்வளவா போகாது."

பிறகு அவள் ஒரு குவளையில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து ஊற்றினாள். தொட்டியில் சிவப்பு ஓடியது. இரண்டாம் குவளை. மூன்றாவது. மார்த்தாவுக்கு அது என்னவென்று தெரியும். ஆனாலும் கோட்டை இறுக்கிக்கொண்டாள்.

நான்காவது குவளையில் தண்ணீர் தெளிந்தது. இருவரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.