தணிப்பி அணையும் நேரம்

காலை ஏழு மணிக்கு அரசு எனக்கு ஒரு கிளாஸ் பிராந்தி தருகிறது. நலமையத்தின் மூன்றாம் ஜன்னலில் வரிசையில் நின்று வாங்கி, மூக்கருகே பிடித்துக்கொண்டு பத்து எண்ண வேண்டும். "விருப்பம் எவ்வளவு?" என்று திரை கேட்கும். "பூஜ்யம்" என்பேன். காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் இருக்கும் தணிப்பியும் அதையே சொல்லும். கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போவேன். ஆறு வருடமாக இதுதான் நடக்கிறது.

மூன்று முறை குடிபோதையில் தெருவில் பிடிபட்டால் தணிப்பி பொருத்திவிடுவார்கள். குடி வேண்டும் என்ற ஆசையை மட்டும் அணைக்கும் என்று படிவத்தில் போட்டிருந்தது. அந்த "மட்டும்" என் மூளைக்குப் புரியவில்லை போலிருக்கிறது. இரண்டாம் வருடம் மீன்குழம்பு வேண்டும் என்று தோன்றுவது நின்றது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்பதும் போயிற்று. இந்த மார்ச்சில் என் மனைவி ஜெசிந்தா இறந்தாள். அடக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி போதுமா என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"அம்மாவுக்கு நீ ஒரு சொட்டு அழலப்பா" என்றாள் மகள் ரெனிட்டா. "குடிச்சிட்டு வந்து ஒப்பாரி வப்பியே, அந்த ஆளக்கூட எனக்குத் தெரியும். இது யாருன்னே தெரியல."

அவளுக்கு நார்வேயில் வேலை கிடைத்திருந்தது. போனால் திரும்பி வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். எனக்கு வலிக்கவில்லை. வலிக்க வேண்டிய விஷயம் என்பது மட்டும் தெரிந்தது.

தணிப்பி தன்னைப் புதுப்பித்துக்கொள்ள மாதம் ஒருமுறை நாற்பது நிமிடம் அணையும். அந்த நேரத்தில் அது அடக்கியதெல்லாம் திரும்பி வரும், அதனால் தூங்கிவிட வேண்டும் என்பது விதி, மாத்திரையும் இலவசம். தூங்காமல் இருப்பவர்கள் கூடும் இடம் உண்டா என்று போனில் தேடினேன். "தணிப்பி பொருத்தியவர்களுக்குக் குடிநோய் இல்லை" என்றது. மறுநாள் வரிசையிலேயே வாய்விட்டுக் கேட்டேன். ஒருவரும் திரும்பவில்லை. வெளியே வரும்போது பள்ளி வேன் ஓட்டும் ஒரு அம்மாள் கூட நடந்தபடியே சொன்னார்:

"ஞாயித்துக்கெழம நாலு மணி. பழைய ஐஸ் ஃபேக்டரி. தணிப்பி அணையுத நேரத்த அன்னிக்கு நாலுக்கு மாத்தி வச்சிக்கிடுங்க. மாத்திர போட்டுட்டு வந்துராதிய."

ரெனிட்டாதான் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டாள். உள்ளே ஐந்து பிளாஸ்டிக் நாற்காலிகள். வேன்காரம்மாவை வடிவக்கா என்றார்கள். அவர் ஒரு சாக்கை நீட்டி எல்லோருடைய செருப்பையும் அதில் போடச் சொன்னார். சாக்கை பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"கதவப் பூட்ட மாட்டோம். செருப்பத்தான் பூட்டுவோம்" என்றார்.

எதிரே மதுக்கடை திறந்திருந்தது. நடுவே மே மாதத் தார்ச்சாலை. இந்தக் காலத்து வெயிலில் வெறுங்காலோடு பத்தடி நடந்தால் தோல் உரிந்துவிடும்.

"என் பேரு சண்முகவடிவு. நான் குடிகாரி" என்று அவர் தொடங்கினார். நாட்டில் அப்படி யாருமே இல்லை என்று அரசு அறிவித்தபின் அந்தச் சொல்லை இப்போதுதான் கேட்கிறேன். மற்றவர்களும் சொன்னார்கள். என் முறை வந்ததும், "கஸ்பார். பூஜ்யம்" என்றேன், பழக்கதோஷம்.

யாரும் சிரிக்கவில்லை. "இன்னும் ரெண்டு நிமிசம் இருக்கு" என்றார் வடிவக்கா.

நாலு மணிக்கு அணைந்தது. ஜெசிந்தா வருவாள் என்று காத்திருந்தேன். வந்தது பிராந்திதான். முதலில் நாக்குக்கு, பிறகு தொண்டைக்கு, பிறகு இரண்டு கைகளுக்கும் அது வேண்டியிருந்தது. கேவலமாக இருந்தது. எழுந்து வெளியே போனேன். மூன்றடிதான் வைத்திருப்பேன், உள்ளங்கால் தீய்ந்துவிட்டது. எதிர்ப்பக்க நிழலில் உட்கார்ந்திருந்த ரெனிட்டா எழுந்து நின்றாள். கூப்பிடவில்லை. நொண்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

வடிவக்கா ஒரு வாளித் தண்ணீரை என் காலடியில் வைத்தார். "எல்லாருக்கும் அதுதான் மொதல்ல வரும். பேசாம உக்காருங்க. அதுக்குப் பின்னால ஆளு நிக்கி."

தண்ணீருக்குள் என் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எந்தச் சாக்கடையோரம் விழுந்து கிடந்தாலும் ஜெசிந்தா முதலில் என் செருப்பைத்தான் தேடுவாள். ஒரு கையில் என்னையும் மறு கையில் செருப்பையும் பிடித்துக்கொண்டு, தெரு பார்க்க நடப்பாள். ஒரு தடவைகூட ஒற்றைச் செருப்போடு வீடு வந்ததில்லை நான். இனி அவள் இல்லை. அவள் செத்துப்போய்விட்டாள். அதை அப்போதுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டவனைப்போல வாய்விட்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

நாலு நாற்பதுக்கு, பாதி விசும்பலில் எல்லாம் நின்றது. எதற்கு அழுதேன் என்பது நினைவில் இருந்தது. நேற்றைய செய்தி மாதிரி இருந்தது.

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

"அழுதியாப்பா?" என்றாள் ரெனிட்டா.

"அழுதேன்."

"அம்மாவுக்கா?"

"ஆமா."

"இப்ப?"

குடித்த காலத்தில் அவளிடம் நான் சொல்லாத பொய் இல்லை. இப்போதும் ஒன்று சொல்லியிருக்கலாம்; அவள் ஊரிலேயே இருந்திருப்பாள்.

"இப்ப ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

அவள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள். "அடுத்தது எப்ப?"

"ஜூன் பதினாலு. நாலு மணி."

போனை எடுத்து, பயணத் தேதியை ஜூன் பதினைந்துக்கு மாற்றினாள். "நானும் உள்ள வந்து உக்காருதேன். அழுத அந்த ஆள ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

பிறகு துப்பட்டா நுனியால் என் கன்னத்தைத் துடைத்தாள். அங்கே இன்னும் ஈரம் இருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.