கணக்கறிவி கேட்ட பெயர்

எங்கள் உப்பளத் தெருவில் காலைக் காபிக்கு முன்பே எல்லாரும் ஒளிச்சுவர் முன்னால் கூடிவிடுவோம். வார்டு தேர்தல் வேட்பாளர்களின் முந்தைய நாள் வரவுசெலவு அதில் ஓடும். ரூபாய்த் தாளில் மின்சில்லு வந்த பிறகு, காசு கைமாறிய கணமே கணக்கறிவி என்ற எந்திர மூளை அதைத் தேர்தல் சர்வரில் தாக்கல் செய்துவிடுகிறது. கொடுக்கலாம், வாங்கலாம், மறைக்கத்தான் கூடாது. அதனால் ஆரத்தித் தட்டைக் கண்டாலே வேட்பாளர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறார்கள். பாவம், தட்டில் கற்பூரம் மட்டும் எரிகிறது.

நான் பிரமசக்தியின் தேர்தல் முகவர். தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவருவேன் என்று சொல்லி அவள் நிற்கிறாள். எதிர்த்து நிற்கும் ஜெயபாண்டியின் பிழைப்பே தண்ணீர் லாரிதான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

பிரச்சாரத்தின் கடைசி நாள், ஆரத்தி எடுத்த கூட்டத்தில் யாரோ அவள் பையில் ஒரு நூறு ரூபாய்த் தாளைத் திணித்துவிட்டார்கள். நல்ல காரியத்துக்குப் புறப்படும் பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்ற பழைய பழக்கம். கணக்கறிவி உடனே சுவர் வழியே கேட்டது: "கொடுத்தவர் யார்?"

கணக்கறிவிக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனால் கொடுத்தவர் தம் வாயால் சொல்லாமல் பெயரை வெளியிடச் சட்டத்தில் இடமில்லை. மாலை ஐந்துக்குள் அவரது குரல் ஒப்பம் வராவிட்டால் வேட்பாளருக்குத் தகுதி போய்விடும்.

"யாருன்னு பாத்தியாம்மா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் அண்ணாச்சி. சொல்ல மாட்டேன்."

"ஏட்டி, அஞ்சு மணிக்கு எல்லாம் போச்சு பாத்துக்கோ!"

"போவட்டும். அவ அந்த வீட்டுக்குத்தான திரும்பிப் போவணும்."

எனக்கு வந்த கோபத்தில் தலையில் அடித்துக்கொண்டேன். ஊரெல்லாம் கெஞ்சி ஓட்டுக் கேட்டதெல்லாம் ஒரு நூறு ரூபாயால் வீணாகப் போகிறதே!

ஐந்து நெருங்கியதும் சுவர் சிவந்தது. ஜெயபாண்டியின் ஆட்கள் பட்டாசுச் சரத்தைப் பிரித்தார்கள். அப்போது அவர் வீட்டு வாசலிலிருந்தே ஒரு குரல் வந்தது.

"நாந்தான் குடுத்தேன். சுயம்புக்கனி. ஜெயபாண்டி பெஞ்சாதி."

சுவர் முழுக்க அவள் பெயர் எழுந்தது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒளி பரவி, எங்கள் முகமெல்லாம் அதில் தெரிந்தது. ஒரு பெயரை அத்தனை பெரிதாக நான் பார்த்ததே இல்லை.

"காரணம்?" என்றது கணக்கறிவி.

"இந்தச் சனத்துக்குக் குடத்துக்கு இவ்வளவுன்னு தண்ணி விக்குதோம். அந்தக் காசுல திங்குத சோறு எனக்கு உள்ள எறங்கல."

சுவர் பச்சையானது. பிரமசக்தியின் தகுதி தப்பியது. ஜெயபாண்டி உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். சுயம்புக்கனி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் தெருவில் நின்றாள்.

பிரமசக்தி போய் அவள் கையைப் பிடித்தாள். "வாங்கக்கா, நம்ம வீட்டுக்குப் போவோம்."

"வாக்காளருக்கு வேட்பாளர் தரும் தங்குமிடம்," என்றது கணக்கறிவி. "மதிப்பு?"

பிரமசக்தி திரும்பிப் பார்த்தாள். "நல்லா எழுதிக்கோ. மதிப்பு தெரிஞ்சா நீயே போட்டுக்கோ."

சுவர் வெகுநேரம் வெறுமையாகவே இருந்தது. பிறகு, "மதிப்பிட முடியவில்லை" என்று எழுதியது. அதற்கு அப்படி எழுதத் தெரியும் என்பதே அன்றுவரை எங்கள் யாருக்கும் தெரியாது.