திரையில் விழாத கிரேன்

சித்தியின் கம்ப்யூட்டரில் அந்தக் குட்டிக் கிரேன் தண்ணீர் பாட்டிலை ஜம்மென்று தூக்கியது. கட்டிலருகே மேசைமேல் நின்ற நிஜக் கிரேனோ, மறுபடியும் தொபுக்கடீரென்று குப்புற விழுந்தது.

ஏன்குட்டிக்குத் தலை சுற்றியது. எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர்.

கால் உடைந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்த தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். "எனக்குக் கிரேனே வேணாம். ஒரு வாய் தண்ணிக்குக்கூட உங்களையே கெஞ்சிக்கிட்டுக் கெடக்குறேன்."

எட்டாத முக்காலியில் இருக்கும் பாட்டிலை அவனே எடுக்கத்தான் அந்தக் கிரேன். சித்திக்கு இயந்திரங்களை வரையும் வேலை. கம்ப்யூட்டரில் வரைந்து, ஓட்டிப் பார்த்த பிறகுதான் மரச்சட்டங்களை ஒட்டியிருந்தார்.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் காட்டுது. மரம்தான் திமிர் பண்ணுது" என்று முறைத்தார் சித்தி.

"பாட்டிலோட கனம் அதுக்குத் தெரியுமா சித்தி?"

"குடுத்திருக்கேன்."

"கயிறு?"

"அதுவும்தான். நச்சரிக்காதடி!"

ஏன்குட்டி திரையை உற்றுப் பார்த்தாள். அதே கிரேன், அதே பாட்டில். ஒன்றும் புரியவில்லை. அடிப்பலகையின் ஓரத்தில் மட்டும் ஒரு குண்டூசிப் படம்.

"இது எதுக்கு?"

"முதல்ல வைக்கிற பாகத்த அது அசையாம நிறுத்திடும். ஆணி அடிச்ச மாதிரி."

"யாரு அடிச்சா?"

சித்தி குனிந்து அந்தக் குண்டூசிப் படத்தைப் பார்த்தார். "யாரும் அடிக்கல."

"நம்ம மேசைல?"

"இங்கயும்... யாரும் அடிக்கல."

ஏன்குட்டிக்குக் குழப்பம் இன்னும் கூடியது. "கனமெல்லாம் தெரிஞ்ச கம்ப்யூட்டருக்கு இது தெரியாதா? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே!"

"அது கேக்காது. சொன்னத வெச்சுக் கணக்குப் போடும், அவ்வளவுதான். நான்தான் யோசிக்கல." சித்தியின் காது சிவந்தது. விறுவிறுவென்று சுத்தியலைத் தேடினார்.

"புது மேசை சித்தி! அம்மா நம்மளத்தான் சுவத்துல ஆணி அடிச்சு மாட்டுவாங்க."

ஏன்குட்டி ஓடிப்போய்த் தன் பள்ளிப் பையை இழுத்துவந்தாள். மூச்சு வாங்க அதைத் தூக்கி அடிப்பலகைமேல் வைத்தாள். மேசையே முனகியது.

"முதுகு ஒடியச் சுமக்கிறேன். இப்பதான் இது உருப்படியா ஒரு வேலை செய்யுது. சுத்துடா!"

தம்பி மெல்லத் திரும்பி உட்கார்ந்து கைப்பிடியைச் சுற்றினான். கிரேன் லேசாக முனகியது. விழவில்லை! பாட்டில் மேலே எழுந்தது. கிரேனின் கையைத் தன் பக்கம் திருப்பினான். பாட்டில் ஆடி ஆடி அவன் மடிக்கே வந்தது. அவசரமாக மூடியைத் திருகினான். பாதித் தண்ணீர் வாயில், பாதி சட்டையில்.

சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தார். "ஐயையோ! யாரு இப்படித் தண்ணியக் கொட்டினது?"

தம்பி முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்: "நானேதான்!"