மூன்றாம் அடியின் சுழிப்பு

அந்த ஆண்டு மறைந்தவர்களை நினைவுகூரும் இறந்தோர் ஞாயிறன்று ரோசினா ஆலயத்துக்குள் நுழைந்தபோது வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே மெழுகும் ஈரக் கம்பளியும் கலந்த வாடை. வழக்கமான இருக்கையில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைக் காலியாக விட்டாள். அது அவள் கணவன் ஃபால்டினுடைய இடம். வெள்ளிச் சுரங்கம் இடிந்து அவனை விழுங்கியது இந்த மாதம்தான். பாவி மகளுக்கு உடல்கூடக் கிடைக்கவில்லை.

இன்று அவன் பெயரையும் வாசித்து ஊரின் பழைய ஞானப்பாட்டைப் பாடுவார்கள். அந்த ஒரு மெட்டுக்குத்தான் எத்தனை சண்டை! பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இந்தச் சுரங்க ஊரார் மூன்றாம் அடியின் முடிவில் குரலை ஒரு சுழி சுழித்துத்தான் இறக்குவார்கள். சபைப் பாட்டை நடத்தப் புதிதாக வந்த பாடகர் செய்ஃபர்ட், "அச்சுப் புத்தகத்துல இல்லாத அலங்காரம் எதுக்கு?" என்று அதை வெட்டிவிட்டார். ஊரே அடங்கியது. ஃபால்டின் அடங்கவில்லை. அவனுடைய கடைசி ஞாயிறன்றும் தனியாகச் சுழித்தான். பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். ரோசினாவுக்கு மானமே போயிற்று. முழங்கையால் அவன் விலாவில் இடித்தாள்.

"வாயை மூடுங்க! ஊரே சிரிக்குது."

பாதியில் நிறுத்தினான். மறுநாள் சுரங்கத்துக்குள் போனவன் திரும்பவில்லை.

ஆராதனைக்கு முன்பு அவள் பாடகரிடம் கெஞ்சியிருந்தாள். "ஐயா, இன்னிக்கு மட்டும் அவர் பாடுற மாதிரி பாடலாமா?"

"ஒருத்திக்காகச் சபையே தப்பாப் பாடணுமா? வேணும்னா நீ பாடு."

ஆர்கன் முழங்கியது. சபை எழுந்தது. மூன்றாம் அடி நெருங்கியதும் அவள் சுழித்துப் பாட மூச்சை இழுத்தாள்.

பின் இருக்கையிலிருந்து தோழி லீஸ்பெத் கிசுகிசுத்தாள். "வேண்டாம்டி. மறுபடி சிரிப்பாங்க."

ரோசினா வாயை மூடிக்கொண்டாள்.

அப்போது குளிர் வந்தது. பனியின் குளிரல்ல, மண்ணுக்கடியில் இருக்கிற குளிர். ஈரக் களிமண் வாடை.

விலாவில் ஓர் இடி.

மெதுவாக. முழங்கையால்.

பக்கத்தில் யாருமில்லை.

மறுபடியும் இடி.

"பாடுறேங்க," என்றாள் அழுதுகொண்டே. வாயைத் திறந்து, அவனைப் போலவே சுழித்துப் பாடினாள். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆர்கன்கூடச் சட்டென்று நின்றிருந்தது.

"ரோசினா," லீஸ்பெத்தின் குரல் நடுங்கியது. "உன்கூட யாருடி பாடினது?"

வீட்டுக்கு வந்து பார்த்தாள். கறுப்பு உடையின் விலாப்பக்கம் முழங்கை அளவு களிமண் அப்பியிருந்தது. துவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அடுத்த ஞாயிறு உடுத்த எடுத்தபோதும் மண் காயவில்லை. இப்போதுதான் இடித்ததுபோல ஈரமாக இருந்தது.