தராசுத் தட்டில் ஒரு விரல்

கண்ணாடிப் பெட்டியின் கதவைச் சாத்திவிட்டுக் கற்பகம் மூச்சை அடக்கிக்கொண்டாள். உள்ளே தராசுத் தட்டில் விரல் நீள இரும்புத் துண்டு. திரையில் எண்கள் நிற்காமல் துள்ளின. மணி மூன்றரை. நான்குக்குள் எடை வராவிட்டால் அமிலத்தை ஏற்றாமலே கடல் எண்ணெய்க் கிணற்றுக்குப் படகு போய்விடும் என்று மேலாளர் அனூப் சார் மூன்று தடவை போன் செய்துவிட்டார்.

மட்டாஞ்சேரியில் ஒரு காலத்தில் சுக்கு மூட்டை அடுக்கிய கிட்டங்கி, இப்போது பரிசோதனைக் கூடம். எண்ணெய்க் கிணறு அடைத்துக்கொண்டால் அமிலம் விட்டுப் பாறையைக் கரைப்பார்கள். அது இரும்புக் குழாயையும் சேர்த்துத் தின்றுவிடாமலிருக்க ஒரு தடுப்பு மருந்து. கிணற்றுச் சூட்டில் அந்த மருந்துக்குத் துணையாக ஃபார்மிக் அமிலம். ரப்பர் பால் உறைய ஊற்றுவார்களே, அதேதான். எல்லாவற்றையும் இரும்புத் துண்டோடு மூடிய கலத்தில் வேகவைத்து, துண்டு எவ்வளவு கரைந்தது என்று நிறுத்துச் சொல்வது கற்பகத்தின் வேலை.

கலத்தைத் திறப்பது பின்னறையில். சூட்டில் ஃபார்மிக் உடைந்து ஒரு வாயுவைக் கக்கும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். அதற்காகவே பின்னறைச் சுவரில் பெரிய விசிறி ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும்.

அதன் அதிர்வில்தான் எண் நிற்கவில்லை.

போன மாதம் அந்த அறையில்தான் கூட வேலை பார்த்த நீலகண்டன் அண்ணன் செத்துக் கிடந்தார். கரண்ட் போய் விசிறி நின்றுவிட்டது என்று எழுதி, விஷயத்தை முடித்தார்கள். அன்றிலிருந்து கற்பகத்துக்குத் தூக்கம் இல்லை. இமைக்குள் மணலைக் கொட்டியது போல எரிந்தது.

கூட வேலை பார்க்கும் ஓமனா சேச்சி சாயா குடிக்கப் போயிருப்பாள். இரண்டே நிமிடம்தானே. கற்பகம் கை நீட்டி விசிறி சுவிட்சை அணைத்தாள்.

மழைச் சத்தம் மட்டும் மிச்சம். எண்கள் அடங்கின.

பிறகு ஏறின.

அமிலத்தில் வெந்த இரும்பு எடை குறையலாம், கூடவே கூடாது. துண்டை இடுக்கியால் எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். உள்ளே வெறும் தட்டு.

எண் ஏறியது. இரண்டு கிராம். ஐந்து. பன்னிரண்டு.

எறும்புப் புற்றைக் கிளறினாற்போல ஒரு நெடி கழுத்துக்குப் பின்னால் வந்து நின்றது.

தட்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்தது. விரல் நுனி ஒன்று அழுத்துவது போல.

அந்த அழுத்தம் அவளுக்குத் தெரியும். அவள் எடை போடும்போதெல்லாம் அண்ணன் பின்னாலிருந்து வந்து இப்படித்தான் தட்டை அழுத்தி எண்ணைக் கெடுப்பார். போதும் எழும்பு, கண்ணு போயிடும் என்பார்.

"விடுங்கண்ணே," என்றாள் முணுமுணுப்பாக. "எனக்கு வய்யா, முடியல. இதோட முடிச்சிட்டுப் போயிடறேன்."

எண் நூறைத் தாண்டியது.

காதோரம் ஈரமாய் ஒரு மூச்சு.

"சேச்சி உள்ள இருக்கா."

சுவிட்சைத் தட்டிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னறையில் இரண்டாவது கலம் பாதி திறந்திருந்தது. பக்கத்தில் ஸ்பேனரைப் பிடித்தபடியே ஓமனா சேச்சி சரிந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் இருக்கக் கூடாத சிவப்பில் இருந்தன. கற்பகம் அக்குளுக்குள் கை கொடுத்துத் தரையோடு தரையாக இழுத்துத் தெருப்படியில் கொண்டுவந்து போட்டாள். மழை முகத்தில் அடிக்க அடிக்க, சேச்சி இருமினாள்.

"நீ தளர்ந்து போயிட்டேன்னு நானே திறந்தேன் மோளே," என்றாள் மூச்சு இரைக்க.

ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அனூப் வந்து சேர்ந்தார். படகு போய்விட்டிருந்தது. விசிறி எப்படி நின்றது என்று மட்டும் கேட்டார்.

"அன்னைக்குப் போல கரண்ட் போச்சா?"

நனைந்த படியிலேயே உட்கார்ந்திருந்த கற்பகம் வாசல் வழியே உள்ளே பார்த்தாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. அந்த அதிர்விலும் எண்கள் அசையவே இல்லை. வெறும் தட்டு சாய்ந்தபடியே இருந்தது.

"கரண்ட் போகல சார். எண் நிக்கணும்னு நான்தான் விசிறியை நிறுத்தினேன்."

கற்பகம் அந்தத் தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அன்னைக்கும் நான்தான்."