மொட்டை மாடியில் தாய்ச்சி

சவூதியில் கட்டட வேலையில் சாரம் சரிந்த அன்று இரண்டு பேர் கீழே விழுந்தார்கள். ருமைசாவின் அத்தா காதர் பாட்சா பிழைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு வாசிம் பிழைக்கவில்லை.

அத்தா லப்பைக்குடிக்காட்டுக்குத் திரும்பி வந்தார் என்று பெயர்தான். எழுந்து நின்றால் தள்ளாடுவார். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே எழுந்துவிடுவார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசமாட்டார். ருமைசாவுக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது. சொந்த அத்தாவைப் பார்த்துப் பயப்படுகிறோமே என்று அழுகையும் வந்தது.

பெரம்பலூரில் அவருக்கு உடற்பயிற்சி சிகிச்சை தந்த சுகன்யா மேடம்தான் ஒரு வழி சொன்னார்.

"சீனாவுல தாய்ச்சின்னு ஒண்ணு இருக்கும்மா. சண்டைக் கலைதான். ஆனா இப்ப நிறைய பேரு உடம்புக்கும் மனசுக்கும் செய்றாங்க. மூச்சைக் கவனிச்சு, மெதுவா கை காலை அசைக்கணும். விழாம நிக்கப் பழகும்."

மேடம் சொல்லித்தந்தபடி தினமும் சாயங்காலம் அத்தா மொட்டை மாடிக்குப் போனார். இடுப்பளவு தண்ணீரில் நடப்பவர்போல அடி எடுத்து வைத்தார். கைகள் மெல்ல உயர்ந்து மெல்ல இறங்கின. ஒருநாள் அவர் இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமென்று தட்டை நீட்டினார். அம்மா நஃபீசா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அது ஒருவனுக்குப் பொறுக்கவில்லை. அவன் வாசிமின் மகன் அனஸ்.

"டேய், இங்க பாருங்கடா! பெரிய ஆளு தாய்ச்சி விளையாடுறாராம்! மாமா, நாங்க போய் ஒளிஞ்சுக்கவா?" என்று பக்கத்து மாடியிலிருந்து கத்தினான்.

தெருப்பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தத் தெருவில் தாய்ச்சி என்றால் ஒன்றுதான். கண்ணாமூச்சியில், பிடிக்கிறவரின் கண்ணைப் பொத்துகிறவர்தான் தாய்ச்சி. ஒளிந்தவர்கள் பிடிபடாமல் வந்து தாய்ச்சியைத் தொட்டுவிட்டால் தப்பித்தார்கள்.

அத்தாவின் கை பாதியில் நின்றது. இறங்கிப்போய் அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் வெளியே வரவில்லை. உள்ளே போன தட்டு அப்படியே திரும்பி வந்தது.

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கத்தான் ருமைசா அனஸிடம் போனாள்.

"ஏண்டா எங்க அத்தாவ அப்புடிக் கிண்டல் பண்ணுன?"

"உங்க அத்தா வந்துட்டாருல்ல? எங்க அத்தா ஏன் வரல? என்ன ஆச்சுன்னு அவருக்குத்தானே தெரியும்? வாயத் தொறக்க மாட்டேங்குறாரே!"

அவன் குரல் உடைந்தது. ருமைசாவின் கோபம் போன இடம் தெரியவில்லை. பாவம், இவனும் சாப்பிடாமல்தான் கிடந்திருப்பான் என்று தோன்றியது.

"சாயங்காலம் எல்லாரையும் கூட்டிக்கிட்டு மாடிக்கு வா. தாய்ச்சி விளையாடலாம்."

"யாரு தாய்ச்சி?"

"எங்க அத்தா."

சொல்லிவிட்டாள். அத்தா வரவேண்டுமே! மாலையில் கதவைத் தட்டினாள்.

"அத்தா, தாய்ச்சி இல்லாம நிக்கிறோம். வாங்களேன்."

கதவோடு வாயை ஒட்டி மறுபடி சொன்னாள்.

"அனஸும் வந்திருக்கான் அத்தா."

தாழ்ப்பாள் விலகியது.

மாடியில் ருமைசா சட்டம் போட்டாள். "யாரும் ஓடக்கூடாது. பிடிக்கிறவளும்தான். எங்க அத்தா அசையிற மாதிரி மெதுவாத்தான் வரணும். வேகமா வந்தா அவுட்டு."

அத்தா கைகளை உயர்த்தினார். பிடிக்க வந்த தோழி ஃபர்ஹா ஒற்றைக் காலைத் தூக்கி, தடுமாறி, தொப்பென்று உட்கார்ந்தாள்.

"யம்மாடி! ஓடுறதே தேவலாம்!"

எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை அத்தா நிறுத்தவில்லை.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து அனஸ் வந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்து ஊர்ந்து வந்தான். வந்து அத்தாவின் கையைத் தொட்டான். தொட்டவன் விடவில்லை.

"மாமா, விழுந்தப்ப எங்க அத்தா பயந்தாரா?"

சிரிப்பு அடங்கியது. அத்தா மறுபடி அறைக்குள் போய்விடுவாரோ என்று ருமைசா மாடிப்படியைப் பார்த்தாள்.

அத்தா அனஸின் கையை இறுகப் பற்றினார்.

"பயந்தான்யா. நானும் பயந்தேன். அவன் கையப் புடிச்சிக்கிட்டே கெடந்தேன். கடைசி வரைக்கும் விடவே இல்ல."

அனஸ் வாய்விட்டு அழுதான். அவனை அணைத்துக்கொண்டு அத்தாவும் அழுதார். ஃபர்ஹா சத்தம் போடாமல் மற்ற பிள்ளைகளைக் கீழே கூட்டிப்போனாள்.

இருட்டியதும் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார்.

"வர்றோம் நஃபீசா!" என்று மாடியிலிருந்து அத்தாவின் குரல் கேட்டது. "அனஸுக்கும் சேத்துப் போடு."